‘வந்தேறிகளின் கழகம்’: ஷால்கேயின் வரலாற்றில் பேசப்படாத பக்கங்கள்

2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் நடைபெற்ற ஜேர்மனியப் பொதுத்தேர்தலில், வெளிநாட்டார் எதிர்ப்பைத் தனது முதன்மை முழக்கமாகக் கொண்ட ‘ஜேர்மனிக்கான மாற்று’க் கட்சி, நாட்டின் மேற்குப் பகுதியில் இரண்டே தொகுதிகளில் கட்சி வாக்குகளில் முதலிடம் பெற்றது. ஒன்று கைசர்ஸ்லவுட்டர்ன், மற்றது ரூர் பள்ளத்தாக்கிலுள்ள கெல்சன்கீர்ஷன். அவ்வாண்டு செப்டெம்பர் மாதம் இந்நகரில் நடந்த மேயர் தேர்தலிலும் அக்கட்சியின் வேட்பாளர் இரண்டாம் சுற்றுவரை முன்னேறினார். அச்சுற்றில் சமூக ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளைப் பெற்று வென்றமையால், பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டனர். ஆயினும் வினா எஞ்சியே நிற்கின்றது. கெல்சன்கீர்ஷன் வெளியிலிருந்து வந்தவர்களின் உழைப்பினால் எழுந்த நகரம். அதன் பெயரை உலகறியச் செய்த ஷால்கே 04 என்னும் உதைபந்தாட்டக் கழகமோ, ஒரு காலத்தில் ‘போலந்து வந்தேறிகளின் கழகம்’ என எதிரணி ஆதரவாளர்களால் இழித்துரைக்கப்பட்டது. அத்தகைய நகரம் எவ்வாறு இந்நிலைக்கு வந்தது?

ஒருங்கிணைவு பற்றி உரையாற்றுவோர் ஷால்கேயை எடுத்துக்காட்டாகக் கூறுவது வழக்கம். கிழக்கிலிருந்து வந்த ஏழைச் சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகள் பந்துதைத்தார்கள், வென்றார்கள், ஜேர்மனியரானார்கள் என்பதே அவர்கள் சொல்லும் கதையின் சுருக்கம். இதில் பொய் இல்லை. ஆனால் அவர்கள் என்ன விலை கொடுத்தார்கள், அவர்கள் உள்ளே வந்த அதே வாசலால் வெளியே தள்ளப்பட்டவர்கள் யாவர் என்பன இக்கதையில் இடம்பெறுவதில்லை.

ஷால்கே தனி ஊராக இருந்து 1903இல் கெல்சன்கீர்ஷன் மாநகருடன் இணைக்கப்பட்டது. மறு ஆண்டு மே மாதம் அங்குள்ள இளைஞர் சிலர், பெரும்பாலும் சுரங்கத் தொழில் பயில்வோர், ‘வெஸ்ற்பாலியா ஷால்கே’ என்ற பெயரில் ஒரு கழகத்தைத் தொடங்கினர். மேற்கு ஜேர்மனிய விளையாட்டுச் சம்மேளனம் அவர்களைச் சேர்த்துக்கொள்ள மறுத்தது. உதைபந்தாட்டம் அக்காலத்தில் மாணவரும் எழுதுவினைஞரும் ஆடிய கனவான்களின் ஆட்டம். கரிபடிந்த கைகளுக்கு அங்கு இடமிருக்கவில்லை. உடற்பயிற்சிக் கழகமொன்றுடன் சேர்ந்தும் பிரிந்தும் தடுமாறிய பின்னரே, 1924இல் இன்றைய பெயரும் நீல வெள்ளை நிறங்களும் நிலைபெற்றன. கொன்சொலிடேசன் என்னும் சுரங்க நிறுவனம் நிலம் கொடுத்து உதவியது. ஆட்டக்காரருக்கு இலகுவான வேலையும் கொடுத்தது. சுரங்கத்தில் இறங்குவோர் ஒருவருக்கொருவர் கூறும் வாழ்த்தான ‘குளுக் அவுப்’ என்பதையே பெயராகக் கொண்ட மைதானம் 1928இல் திறக்கப்பட்டது.

கிழக்குப் பிரஷ்யாவின் தென்பகுதியான மசூரியாவிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இக்காலத்தில்தான் முன்னணிக்கு வந்தனர். ஏர்ன்ஸ்ட் குசோரா, பிரிட்ஸ் செப்பான் என்ற மைத்துனர் இருவரும் இவர்களுள் புகழ் பெற்றவர்கள். பந்தைக் குறுகிய தூரத்தில் இடைவிடாது மாற்றி மாற்றிக் கொடுத்து எதிரணியைச் சுழலச் செய்யும் அவர்களது ஆட்டமுறைக்கு ‘ஷால்கேச் சுழல்’ என்றே பெயர்.

மசூரியர் யார் என்பதை இங்கு சற்று விரித்துக் கூறுதல் வேண்டும். அவர்கள் போலந்து மொழியின் ஒரு கிளைவழக்கைப் பேசினர். ஆனால் போலந்து மக்களைப் போலக் கத்தோலிக்கராக இன்றிப் புரட்டஸ்தாந்தராக இருந்தனர். தலைமுறை தலைமுறையாகப் பிரஷ்ய மன்னரின் குடிகள். 1920இல் அவர்களது தாயகத்தில் நடத்தப்பட்ட வாக்கெடுப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்கும் மேலானோர் ஜேர்மனியுடன் இருக்கவே வாக்களித்தனர். எனினும் ரூர் பள்ளத்தாக்கில் அவர்களது பெயரின் ஒலியும் பேச்சின் சாயலும் அவர்களைக் காட்டிக்கொடுத்தன. ‘பொலாக்’ என்ற வசைச்சொல் போலந்துக்காரனுக்கும் மசூரியனுக்கும் பேதம் பார்க்கவில்லை. போலந்து மொழிமீது அரசு கொண்டிருந்த சந்தேகமும் சிறிதன்று. 1899இல் சுரங்கங்களில் பொறுப்பான வேலைகளுக்கு ஜேர்மன் மொழி அறிவு கட்டாயமாக்கப்பட்டது. 1908ஆம் ஆண்டுச் சட்டம் பொதுக்கூட்டங்களில் வேற்றுமொழி பேசுவதையே கட்டுப்படுத்தியது. மொழிப் பரீட்சைச் சான்றிதழுடன் அலுவலக வாசலில் நிற்கும் எம்மவருக்கு இவை அந்நியமான செய்திகளாகத் தோன்றா.

1930இல், அனுமதிக்கப்பட்டதிலும் கூடுதலான பணம் பெற்றார்கள் என்ற குற்றச்சாட்டில் முதலணியின் 14 ஆட்டக்காரர்களைச் சம்மேளனம் தடைசெய்தது. கழகத்தின் தனாதிகாரி கால்வாயில் குதித்து உயிரை மாய்த்துக்கொண்டார். ஏனைய பெருங்கழகங்கள் செய்யாத எதையும் ஷால்கே செய்துவிடவில்லை. தொழிலாளர் கையில் பணம் சேர்ந்ததே பெருங்குற்றமாயிற்று. தடை நீங்கி 1931 ஜூன் முதலாம் நாள் அவர்கள் மீண்டும் களமிறங்கியபோது, அந்தச் சிறிய மைதானத்தில் 70,000 பேர் திரண்டனர் என்பர். ஒரு வட்டாரம் முழுவதும் தன் மானத்தை அந்தப் பதினொருவர்மீது ஏற்றி வைத்திருந்தது.

இனி வருவது 1934ஆம் ஆண்டு. பேர்ளினில் நடந்த இறுதி ஆட்டத்தில், கடைசி நிமிடங்கள்வரை பின்தங்கி நின்ற ஷால்கே, செப்பானும் குசோராவும் அடித்த கோல்களால் நூர்ன்பேர்க் அணியை 2-1 என வென்று முதன்முறையாகத் தேசிய சம்பியன் ஆனது. அவ்வேளை போலந்துப் பத்திரிகைகள், ‘ஜேர்மனியின் பட்டம் எம்மவர் கையில்’ என்ற கருத்தில் மகிழ்ந்து எழுதின. கழகத்தின் பதில் உடனே வந்தது. ஆட்டக்காரர் ஒவ்வொருவரதும் பெற்றோர் பிறந்த இடங்களைப் பட்டியலிட்டு, அனைவரும் ஜேர்மனிய மண்ணில் பிறந்தவர்களே, எவரும் போலந்துக் குடியேறிகள் அல்லர் என ‘கிக்கர்’ சஞ்சிகையில் விளக்கம் வெளியிட்டது.

வரலாற்று மாணவர் இப்பட்டியலின் முன் சிறிது நேரம் நின்று சிந்தித்தல் நன்று. அது பொய்ப்பட்டியல் அன்று. ஆனால், ‘எங்கள் பெற்றோர் பேசியது போலந்து மொழியே, அதனால் என்ன குறை?’ என்று கேட்கும் துணிவு எவருக்கும் இருக்கவில்லை. அக்காலத்தில் இருந்திருக்கவும் முடியாது. நாட்டின் முதல்வர்களாக முடிசூடிய பின்னரும் பெற்றோரின் பிறப்பிடத்தைக் காட்டியே தம்மை நிறுவ வேண்டியிருந்தது. அப்போதைய அரசோ அந்த விளக்கத்தை விருப்புடன் ஏற்றுக்கொண்டது. வெற்றி பெறும் தொழிலாளர் அணி அதற்குத் தேவைப்பட்டது.

1934 முதல் 1942 வரையான ஒன்பது ஆண்டுகளில் ஆறு பட்டங்கள் ஷால்கேக்குக் கிடைத்தன. 1937இல் ஒரே ஆண்டில் பட்டமும் கிண்ணமும் வென்ற முதல் ஜேர்மனிய அணியும் அதுவே. இதே ஆண்டுகளின் மறுபக்கத்தையும் பார்ப்போம். கழகத்தின் உபதலைவராயிருந்த பல் வைத்தியர் போல் ஐகன்குரூன் யூதர் என்பதனால் 1933இல் பதவி துறக்க நேர்ந்தது. பின்னர் அவர் நாட்டைவிட்டே வெளியேறி அமெரிக்கா சென்றார். 1938இல் ஷால்கே சந்தைச் சதுக்கத்தில் யூதருக்குச் சொந்தமாயிருந்த புடவைக் கடையொன்று அணித்தலைவர் செப்பானின் கைக்கு மாறியது. அதற்கு முந்திய ஆண்டுதான் அவர் ஆளுங்கட்சியில் சேர்ந்திருந்தார். கடையின் உரிமையாளர்கள் 1942இல் ரீகா நகருக்கு நாடுகடத்தப்பட்டுக் கொல்லப்பட்டனர். ‘பொலாக்’ என்று ஏசப்பட்டவரின் மகன், ‘யூதன்’ என்று விரட்டப்பட்டவரின் கடைக்கு உடைமையாளன் ஆனான். தாழ்த்தப்பட்டவன் உயர்ந்தால் தாழ்த்தப்பட்டோர் பக்கமே நிற்பான் என்று நம்புவோர் இக்கடையின் கதையை அறிந்திருத்தல் வேண்டும்.

இன்னொன்று. ஷால்கே பட்டங்கள் வென்றுகொண்டிருந்த அதே 1940இல், கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்ட போலந்துத் தொழிலாளர் தம் மேலாடையில் ‘பி’ என்ற எழுத்தைத் தைத்துக்கொள்ள வேண்டும் என ஆணை பிறந்தது. ரூர் வட்டாரத்தில் போலந்து அடையாளத்தைக் கைவிடாது சங்கம் அமைத்து வாழ்ந்தோரின் அமைப்புகள் போர் தொடங்கியதும் கலைக்கப்பட்டன. அவற்றின் முன்னோடிகள் பலர் வதைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். ஒரே கிழக்கிலிருந்து வந்தவர்கள். ஒருவருக்குக் கிண்ணம், மற்றவருக்கு முள்வேலி.

போருக்குப் பின் இவை பற்றி நெடுங்காலம் எவரும் பேசவில்லை. 1958இல் ஷால்கே தனது ஏழாவது பட்டத்தை வென்றது. ரூர் நிலக்கரித் தொழிலின் நெருக்கடி தொடங்கியதும் அதே ஆண்டில்தான். அதன்பின் பட்டமே இல்லை. 1971இல் பணம் வாங்கிக்கொண்டு பீலபெல்ட் அணியிடம் தோற்றதும், ஆட்டக்காரர்கள் நீதிமன்றில் பொய்ச்சத்தியம் செய்ததும், 1997இல் மிலான் நகரில் தண்ட உதைகளால் ஐரோப்பியக் கிண்ணம் வென்றதும், 2001இல் நான்கு நிமிடம் சம்பியனாக இருந்து பட்டத்தை இழந்ததும் தனிக்கட்டுரைக்குரியன. உதைபந்தாட்ட அன்பர்கள் பொறுத்தருள்க.

எமக்கு முக்கியமானவை 1990களின் தொடக்க ஆண்டுகள். 1991இல் ஹொயர்ஸ்வெர்டா, 1992இல் றொஸ்ரொக், மோல்ன், 1993இல் சோலிங்கன் என அகதி விடுதிகளும் துருக்கியர் வீடுகளும் தீக்கிரையான காலம் அது. அரசியல் தஞ்சம் கோரும் உரிமையை வழங்கிய அரசியலமைப்பு விதி 1993இல் குறுக்கப்பட்டதையும் எம்முள் மூத்தோர் மறந்திரார். மைதானங்களில் கறுப்பின ஆட்டக்காரரை நோக்கிக் குரங்கொலி எழுப்புவது அன்று வழக்கமாயிருந்தது. ஷால்கேயின் படிக்கட்டுகளும் விலக்கல்ல. அந்நிலையில், 1992இல் ஆதரவாளர் சிலர் ‘இனவெறிக்கு எதிரான ஷால்கேயர்’ என்ற அமைப்பைத் தொடங்கினர். அவர்களது உழைப்பின் பயனாக 1994இல் இனவெறிக்கு எதிரான விதி கழகத்தின் யாப்பில் சேர்க்கப்பட்டது. ஜேர்மனியத் தொழில்முறைக் கழகங்களுள் இதனை முதலில் செய்தது ஷால்கே. இது சம்மேளனத்தின் தலைமையோ அரசோ தந்த கொடை அன்று. நுழைவுச்சீட்டு வாங்கிப் படிக்கட்டில் நிற்போர் பெற்றுக்கொண்டது.

மறைத்துவைத்த பக்கங்களும் அதன்பின் திறந்தன. 2001இல் புதிய அரங்கின் அருகே வீதியொன்றுக்குச் செப்பானின் பெயரைச் சூட்ட எண்ணியிருந்தனர். கடை விவகாரம் வெளிவந்ததும் அது கைவிடப்பட்டது. நாசி காலத்தில் கழகம் நடந்துகொண்ட முறையை ஆராய்ந்த வரலாற்று நூல் 2005இல் வெளிவந்தது.

கானாவில் பிறந்து சிறுவனாக ஜேர்மனி வந்த ஜெரால்ட் அசமோவா 1999இல் ஷால்கேயில் சேர்ந்து, 2001இல் ஜேர்மனியத் தேசிய அணியிலும் ஆடினார். கெல்சன்கீர்ஷனிலேயே பிறந்த துருக்கியப் பேரன் மெசுட் ஓசில் ஷால்கேயில் தொடங்கி 2014இல் உலகக் கிண்ணம் வென்றார். 2018இல் தேசிய அணியைத் துறந்தபோது, வெற்றியில் தான் ஜேர்மனியனாகவும் தோல்வியில் குடியேறியாகவும் கொள்ளப்படுவதாக அவர் முறையிட்டார். துருக்கிய அதிபருடன் அவர் எடுத்துக்கொண்ட படம் அறிவுடைய செயல் அன்று என்பது என் கருத்து. ஆனால் அந்த முறைப்பாட்டை 1934ஆம் ஆண்டின் பிறப்பிடப் பட்டியலோடு பக்கத்தில் வைத்துப் படித்தால் அதன் பாரம் புரியும்.

யாப்பில் எழுதிய விதிக்குச் சோதனை 2019 ஒகஸ்ட் மாதம் வந்தது. கழகத்தின் மேற்பார்வைச் சபைத் தலைவரும் இறைச்சித் தொழிலதிபருமான கிளெமன்ஸ் ரொனீஸ், ஆபிரிக்க மக்களை இழிவுபடுத்தும் வகையில் ஒரு விழாவில் பேசினார். கழகத்தின் கௌரவ சபை, இனவெறிக் குற்றச்சாட்டு ஆதாரமற்றது என்றது. பாகுபாட்டுத் தடையை அவர் மீறினார் என்றும் கூறியது! மூன்று மாதம் ஒதுங்கியிருக்க அவரே முன்வந்தார். விடயம் அத்துடன் முடிந்தது. கழகத்தில் பணிபுரிந்துகொண்டிருந்த அசமோவா தம் அதிர்ச்சியை வெளிப்படையாகக் கூறத் தயங்கவில்லை. மறு ஆண்டு, ரொனீஸின் பெருந்தொழிற்சாலையில் 1,500க்கும் மேற்பட்ட தொழிலாளரைக் கொரோனா தொற்றியது. பெரும்பாலோர் ருமேனியா, பல்கேரியா, போலந்து நாடுகளிலிருந்து உபஒப்பந்தக்காரர் மூலம் வந்து, நெருக்கடியான விடுதிகளில் வாழ்ந்தவர்கள். 2020 ஜூன் இறுதியில் அவர் கழகப் பொறுப்பிலிருந்து விலகினார். கிழக்கிலிருந்து வந்த கூலிகளின் பிள்ளைகளால் பெயர் பெற்ற கழகம், கிழக்கிலிருந்து வந்த கூலிகளை வைத்துச் செல்வம் திரட்டியவரின் தலைமையில் நெடுங்காலம் இருந்தது என்பதைக் கழகத்தின் விழா மலர்களில் நாம் காணமாட்டோம்.

ரூரின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2018 டிசெம்பரில் அயல்நகரான பொட்ரொப்பில் மூடப்பட்டது. கரி போன இடத்தில், ரஷ்ய எரிவாயு நிறுவனமான காஸ்புரொமின் பெயர் 2007 முதல் ஷால்கே சட்டையில் இருந்தது. உக்ரேன்மீதான படையெடுப்பையடுத்து 2022இல் அகற்றப்பட்டது. கழகம் 2021இலும் 2023இலும் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. 1950களின் இறுதியில் நான்கு இலட்சத்தை அண்மித்திருந்த நகரின் மக்கள்தொகை, இப்போது இரண்டரை இலட்சத்தைச் சற்றே விஞ்சுகின்றது. வருமானக் கணக்கில் நாட்டின் கடைநிலை நகரங்களுள் ஒன்று. வேலை இருந்தபோது அயலானை ஏசினார்கள், ஆயினும் அவனோடு ஒரே கூண்டில் நிலத்தடிக்கு இறங்கினார்கள். இன்று ஏச்சு மட்டும் எஞ்சியிருக்கின்றது, இறங்குவதற்குக் கூண்டில்லை. ஏச்சுக்கு இலக்கானோர் ருமேனிய, பல்கேரியக் குடியேறிகளும் தஞ்சம் கோரி வந்தோரும். ஏசுவோர் சிலரது பெயர்ப்பலகையிலும் ‘ஸ்கி’ என்ற விகுதி இருக்கக்கூடும்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்து குடியுரிமை பெறாதோருக்கு, எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும், மேயர் தேர்தலில் வாக்குரிமை இல்லை. ரூரில் வாழும் எம்மவர் பலரும் இதில் அடங்குவர். ஆனால் ஷால்கே இன்றும் உறுப்பினர்களுக்குச் சொந்தமான சங்கம். அதில் சேரக் கடவுச்சீட்டின் நிறம் கேட்கப்படுவதில்லை. சந்தா செலுத்திய உறுப்பினர் பொதுக்கூட்டத்தில் கையுயர்த்தலாம். 1994இல் அந்த விதி யாப்பில் ஏறியது அப்படித்தான்.