கோஷம் போட்டது குற்றமா?

கோபாலபுரத்தில் வீட்டு வேலை செய்யும் ஒரு தாயின் மகன் மத்திய சர்க்கார் வேலைக்குத் தேர்வாகியிருக்கிறான். போலீஸ் விசாரணைப் படிவம் வந்திருக்கிறது. எப்போதாவது கைதானதுண்டா, வழக்கு உண்டா என்று கேட்கிறது. மாணவப் பருவத்தில் மறியலில் கைதானவன் அவன். "இல்லைன்னு எழுதிடலாமா?" என்று தாய் நம்மிடம் கேட்டார்.

வேண்டாம், அம்மா! மறைத்தால் வேலை போகும் என்று படிவத்தின் தலைப்பிலேயே எச்சரிக்கை அச்சாகியிருக்கிறது. இளவயதில் கோஷம் போட்டது போன்ற சில்லறை வழக்கை மறைத்திருந்தாலும் நிர்வாகம் மன்னிக்கலாம் என்று 2016ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். மன்னிக்கலாம் என்றுதான் சொன்னது; மன்னித்தே தீரவேண்டும் என்று சொல்லவில்லை. கேட்டதற்கு உள்ளதை எழுதுங்கள். கேளாததை எழுத வேண்டியதில்லை. அதுவும் அதே தீர்ப்புதான். வழக்கு முடிந்த தீர்ப்பு நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையை எழுதியவனுக்கும் வேலை நிச்சயமில்லை என்பதுதான் நம் கோபம். 1949ஆம் ஆண்டு விதிகளைக் காட்டி, கம்யூனிஸ்ட் தொடர்பு என்று சொல்லி ரயில்வே தொழிலாளரை நீக்கினார்கள். 1957ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. 1983ல் அதே மன்றம் வேறுவிதமாகப் பேசியது. பழைய அரசியல் ஈடுபாட்டுக்காக மத்தியப் பிரதேச ஆசிரியர் ஒருவரை நீக்கியது செல்லாது என்று நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதினார். அந்த ஆசிரியர் ஆர்.எஸ்.எஸ்.காரர் என்பது போலீஸ் அறிக்கை. இருக்கட்டுமே! அவருக்குக் கிடைத்த நியாயத்தைக் கோபாலபுரத்துப் பையனுக்கும் கொடுக்கச் சர்க்கார் தயாரா?