விரலுக்குத் தகுந்த வீக்கம், வீட்டுக்குத் தகுந்த நாய்

மாடு வாங்கப் போகும் விவசாயி பல்லைப் பிடித்துப் பார்க்கிறார். சுழி பார்க்கிறார். மடி பார்க்கிறார். வைக்கோல் போதுமா, கட்ட இடம் உண்டா என்று வீட்டாரோடு கலந்து பேசுகிறார். நாய் விஷயத்தில் மட்டும் நம்மிடம் இந்த யோசனை எதுவும் கிடையாது. குட்டி கொழுகொழுவென்று இருந்தால் போதும், யாராவது சும்மா கொடுத்தால் போதும், தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். ஓர் ஆண்டு கழித்து அது கன்றுக்குட்டிபோல் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் விழித்துக்கொள்கிறோம்.

நாயும் ஒரு கால்நடைதான். பத்து ஆண்டுகளுக்கு மேல் நம் வீட்டில் உண்டு உறங்கப்போகிற பிராணி அது. அதன் உருவம் வீட்டின் அளவுக்கும், நம் வேலைக்கும், நம் வருமானத்திற்கும் பொருந்த வேண்டும். சிறு விவசாயிக்கு நடுத்தர உடம்புள்ள நாட்டு நாயே ஏற்றது, அதற்கு மேற்பட்ட உருவம் அவருக்குப் பாரம் என்பதே இங்கே சொல்ல வந்த கருத்து.

முட்டுக்காட்டுப் பக்கத்து நிலைமை

இதைச் சொல்ல வேண்டிய அவசியம் முட்டுக்காடு, கோவளம், திருவிடந்தை, நெம்மேலிப் பக்கத்து விவசாயிகளுக்கு அதிகம். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் கழிவெளி, நடுவே மணல் பூமி. அதில் சவுக்கும், தென்னையும், வேர்க்கடலையும், நாலைந்து ஆடுகளும் வைத்துப் பிழைக்கிற சிறு குடும்பங்கள் இன்னமும் உண்டு. அதே மணலில் கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகிலும் பங்களாக்களும் பண்ணை வீடுகளும் எழும்பிவிட்டன. அந்த மதில்களுக்குள் அல்சேஷனும், டாபர்மேனும், ராட்வீலரும் உலவுகின்றன.

பங்களாக்காரருக்குக் கட்டுப்படியாகிறது. விசிறி உண்டு, வேலையாள் உண்டு, மருத்துவருக்குக் கொடுக்கப் பணம் உண்டு. ஆனால் அவர் ஊர் மாறும்போதோ, நாய்க்கு வயதாகும்போதோ, "நீயே வைத்துக்கொள்" என்று காவல்காரரிடமோ பக்கத்து நிலத்துக்காரரிடமோ தள்ளிவிடுவதும் நடக்கிறது. பெரிய விலை பெறுகிற நாய் சும்மா கிடைக்கிறதே என்று வாங்கிக்கொள்கிறோம். சும்மா கிடைப்பது நாய் மட்டும்தான். அதன் வயிறும் வைத்தியமும் சும்மா கிடைப்பதில்லை.

தீனிக் கணக்கு

நாய்க்கு மிச்சம் மீதி போட்டால் போதும் என்று நினைப்பவர்கள் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஓரளவு ஓடியாடும் 10 கிலோ எடையுள்ள நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 650 கலோரி சக்தி தேவை. 20 கிலோ நாய்க்கு 1,100 கலோரியும், 40 கிலோ நாய்க்கு 1,850 கலோரியும் வேண்டும். இதை நமக்குப் பழக்கமான அரிசிக் கணக்கில் மாற்றினால் முறையே 185 கிராம், 310 கிராம், 530 கிராம் ஆகும்.

ஆண்டுக் கணக்காகப் பாருங்கள். 75 கிலோ நெல் மூட்டை அரைத்தால் சுமார் 50 கிலோ அரிசி கிடைக்கும். 10 கிலோ நாய்க்கு ஆண்டுக்கு ஒன்றேகால் மூட்டைக்குச் சற்று அதிகமான நெல். 20 கிலோ நாய்க்கு இரண்டேகால் மூட்டை. 40 கிலோ நாய்க்கோ நாலு மூட்டை. அரை ஏக்கர் வைத்திருப்பவர் நாலு மூட்டை நெல்லை நாய்க்கு ஒதுக்க முடியுமா என்பதை அவரே முடிவு செய்துகொள்ளலாம்.

இது சக்திக்கான கணக்கு மட்டுமே. வெறும் சோறு போட்டு நாயை வளர்க்க முடியாது. மீன், முட்டை, கறிக்கழிவு என்று புரதமும் சேர வேண்டும். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு மலிவான மீன் கிடைப்பது ஒரு வசதி. அதை வேகவைத்து முள் நீக்கிச் சோற்றோடு பிசைந்து கொடுக்கலாம். கருவாடு உப்பு மிகுந்தது, அதைப் பழக்க வேண்டாம். வெங்காயமும் திராட்சையும் நாய்க்கு ஆகாதவை. வளரும் பருவத்தில் பெரிய இனக் குட்டிகள் ஒன்றரை ஆண்டு வரை எலும்பு முற்றாமல் வளர்பவை. அந்தக் காலத்தில் தீனி சரியில்லாவிட்டால் கால் வளைந்து, நடை கெட்டு, ஆயுள் முழுதும் துன்பப்படும்.

மருந்தும் எடையைப் பொறுத்ததே. குடற்புழு மாத்திரைகளில் பல, 10 கிலோ எடைக்கு ஒன்று என்ற கணக்கில் கொடுக்கப்படுபவை. சின்ன நாய்க்கு ஒரு மாத்திரை என்றால் பெரிய நாய்க்கு நாலு. இவ்வளவு செய்தும், பெரிய இனங்களின் ஆயுள் பெரும்பாலும் 8 முதல் 10 ஆண்டுதான். சிறிய, நடுத்தர நாய்கள் 12, 14 ஆண்டுகள்கூட இருக்கும்.

புழுக்கம் தாங்குமா?

நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் அது சூட்டை வெளியேற்றுகிறது. நாக்கின் ஈரம் காற்றில் உலர வேண்டும், அப்போதுதான் உடம்பு குளிரும். கடலோரப் புழுக்கத்தில் ஈரம் எளிதில் உலராது. அண்டா நீர் ஆற நேரமாகும், சொம்பு நீர் சீக்கிரம் ஆறிவிடும் என்பது நமக்குத் தெரிந்ததே. உடம்பும் அப்படித்தான். பெருத்த உடம்பு, அடர்ந்த ரோமம், தட்டை மூக்கு இவற்றில் ஒன்று இருந்தாலும் சித்திரை, வைகாசியைக் கடப்பது கஷ்டம். தகரக் கூரையின் கீழ் பகல் முழுவதும் சங்கிலியில் கட்டிப்போட்ட அல்சேஷன் சூட்டுவாதத்தில் செத்துப்போகவும் கூடும்.

மெல்லிய ரோமமும் நீண்ட மூக்கும் உள்ள நம் ஊர் நாட்டு நாய் இந்த வெயிலிலேயே பிறந்து வளர்ந்தது. 15 முதல் 20 கிலோ எடை. மர நிழலும் ஒரு சட்டி தண்ணீரும் இருந்தால் சமாளித்துக்கொள்ளும்.

ராஜபாளையமும் சிப்பிப்பாறையும்

"வெளிநாட்டு நாய் வேண்டாம் என்றால் நம் ராஜபாளையம் இருக்கிறதே" என்று கேட்கலாம். பெருமைக்குரிய இனம்தான். 2005இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய்த் தபால்தலைகளில் ராஜபாளையமும் இடம் பெற்றது. கால்நடைப் பராமரிப்புத் துறை நம் நாட்டு இனங்களைப் பெருக்கச் சென்னை சைதாப்பேட்டையில் ஒரு பிரிவையே நடத்தியது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகியவற்றைப் பெயர் சொல்லிப் பாராட்டிய பிறகு இவற்றின் மேல் ஆசை இன்னும் கூடியது.

ஆனால் இனத்தின் பெருமை வேறு, நம் வீட்டுக்கு அது பொருந்துவது வேறு. ராஜபாளையம் இரண்டடிக்கு மேல் உயரம் வளரும் காவல் நாய். அயலாரிடம் எளிதில் பழகாது. இந்த வெள்ளை இனத்தில் காது கேளாத குட்டிகளும் பிறப்பதுண்டு. வாங்குகிறவர்கள் குட்டியின் பின்னால் நின்று கை தட்டிப் பார்க்க வேண்டும். சிப்பிப்பாறையும் கன்னியும் தென்மாவட்டக் கரிசல் வெளியில் முயலை விரட்டுவதற்கென்று வளர்க்கப்பட்ட ஓட்ட நாய்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பிறகு அந்த வேட்டை குற்றம். வேலை போனாலும் அவற்றின் கால்களில் ஓட்டம் போகவில்லை. கண்ணில் ஓடுவது எதுவானாலும் துரத்தும். அது பக்கத்து வீட்டுக் கோழியாகவும் இருக்கலாம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் பறக்கும் காராகவும் இருக்கலாம். வேலியில்லாத கால் ஏக்கரில் இவற்றை அவிழ்த்து விட்டால் சாலையில் சாகும். கட்டிப் போட்டால் குணம் கெடும். தேனிப் பக்கத்துக் கோம்பை இவற்றைவிட உயரம் குறைந்தது, கட்டுமஸ்தானது. ஆனால் சீற்றம் மிகுந்தது, கைபழகாதவர்களுக்கு ஏற்றதல்ல.

காவல் என்றால் என்ன?

"பெரிய நாய் என்றால்தான் திருடன் பயப்படுவான்" என்பது பலருடைய வாதம். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் ஆட்டுப் பட்டிக்கு வருகிற திருடன் பயப்படுவது நாயின் உயரத்திற்கு அல்ல, அதன் குரலைக் கேட்டு எழுந்து வரும் மனிதருக்கும் அவர் கையிலிருக்கும் டார்ச் விளக்குக்கும்தான். வீட்டாரை எழுப்புகிற வேலையை 15 கிலோ நாட்டு நாய் நன்றாகவே செய்யும். கீரி, நரி, தெரு நாய்க் கூட்டம் எது வந்தாலும் முதலில் குரல் கொடுக்க வேண்டும், அவ்வளவே. தனியே கிடக்கும் தோப்புக்கு 40 கிலோ நாய் ஒன்றைவிட 18 கிலோ நாய்கள் இரண்டு மேல். ஒன்று தூங்கினால் மற்றது விழித்திருக்கும். தீனிச் செலவு ஏறத்தாழ ஒன்றே.

பெரிய நாயின் கடி விபரீதமானது என்பதையும் மறக்கக் கூடாது. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர் நாய்கள் 5 வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. நாட்டு நாயும் கடிக்கும். ஆனால் வீட்டிலுள்ள பெண்களாலும் வயதானவர்களாலும் இழுத்துப் பிடிக்க முடிந்த நாயாக அது இருக்கும். நாயை அடக்கிப் பிடிக்க வீட்டில் ஒரே ஓர் ஆண்மகன்தான் உண்டு என்றால், அவர் சந்தைக்குப் போன நேரத்தில் அந்த வீட்டுக்குக் காவலே ஆபத்து.

எந்த வீட்டுக்கு எது?

நெருக்கமான தெருவில் குடிசை வீடு, வாசலில் நாலு கோழி என்றால் 10 கிலோவுக்கு உட்பட்ட சிறிய நாட்டு நாய் போதும். ஆட்டுப் பட்டியும் சுற்றுவேலியும் உள்ளவர் 15 முதல் 20 கிலோ நாயை வைக்கலாம். அதை எட்டு வார வயதில் கொண்டுவந்து ஆடுகளோடு பழக்க வேண்டும். மூன்றாம் மாதத்திற்குள் பழகியதைத்தான் நாய் தன் குடும்பமாக நினைக்கும். முழு வேலியும், ஓட இடமும், பொழுதெல்லாம் ஆளும் உள்ள இரண்டு மூன்று ஏக்கர் தோப்புக்காரர் மட்டுமே ராஜபாளையம் போன்ற பெரிய நாயை நினைக்கலாம்.

காலையில் புறப்பட்டு இருட்டில் திரும்பும் கூலி வேலைக் குடும்பத்துக்கு நாயே வேண்டாம் என்றுதான் சொல்வேன். அவர்களுக்கு நாலு கின்னிக்கோழி போதும். ஆள் நிழலாடினாலே கத்தி ஊரைக் கூட்டும், பூச்சியைப் பொறுக்கித் தின்னும், முட்டையும் தரும்.

சங்கிலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1960ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி, எப்போதும் கட்டிவைத்த நாயைத் தகுந்தபடி நடமாட விடாதிருப்பதும் குற்றம், சாலையில் கொண்டுபோய் விட்டுவிடுவதும் குற்றம். பகலில் கட்டிப்போட்டுத்தான் ஆக வேண்டும் என்ற அளவுக்குப் பெரிய நாயை வாங்குகிறவர், காலையும் மாலையும் அதை நடத்திக்கொண்டு போகவும் நேரம் ஒதுக்க வேண்டும். நடவு நாளிலும் அறுப்பு நாளிலும் அந்த நேரம் எங்கே கிடைக்கும்?

உருவம் எதுவானாலும்

மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்லும் தவணையிலும் ஆண்டுதோறும் மறு ஊசி. இதற்கு விலக்கே கிடையாது. அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். யாரையாவது நாய் கடித்துவிட்டால் சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, மஞ்சள் எதையும் அப்பக் கூடாது. ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெறிநோய் வெளிப்பட்ட பின் அநேகமாக உயிர் பிழைப்பதில்லை.

குட்டிகள் வேண்டாதவர்கள் கருத்தடை செய்துவிட வேண்டும். வேண்டாத குட்டிகளே நாளை ஆட்டை மறிக்கும் தெரு நாய்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் ஜனவரி முதல் ஏப்ரல் வரை இரவில் நாயைக் கடற்கரைக்கு விடக் கூடாது. பங்குனி ஆமைகள் மணலேறி முட்டையிடும் காலம் அது. நாய்கள் ஒரே இரவில் குழியைத் தோண்டி நூறு முட்டைகளையும் தின்றுவிடும். சட்டத்தின் முழுப் பாதுகாப்பு பெற்ற பிராணி அது.

எனவே விவசாய அன்பர்கள் குட்டியைத் தூக்குவதற்கு முன் அதன் தாயைப் பார்க்க வேண்டும். குட்டி நாளை என்ன உயரம் நிற்கும் என்பதைத் தாய் காட்டிவிடும். பிறகு வேலியைப் பாருங்கள், நெல் குதிரைப் பாருங்கள், வீட்டில் அந்த நாயைப் பிடித்து நிறுத்தக்கூடியவர் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். இந்த மூன்றுக்கும் அடங்குகிற நாய்தான் உங்கள் நாய். அடங்காதது எவ்வளவு அழகாக இருந்தாலும், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், கொடுக்கிறவரிடமே இருக்கட்டும்.