பிகினர் பவளமாம்... யாருக்குங்க ஈஸி?

ரொம்ப நாளாச்சு பதிவு எழுதி. ஆபீஸ்ல ரிலீஸ், வீட்டுல கடல்மீன் தொட்டி, ரெண்டுக்கும் நடுவுல இந்தப் பக்கம் தூசி படிஞ்சு கெடக்கு. இன்னைக்கு கொஞ்சம் சூடாத்தான் எழுதப்போறேன், பொறுத்துக்கங்க.

போன ஞாயித்துக்கிழமை ஒரு மீன் கடைக்குப் போனேன். (பேரு வேண்டாம்.) சாஃப்ட் பவளம் இருக்கான்னு கேட்டேன். "இதை எடுத்துக்கங்க சார், பிகினர் ஐட்டம், சாகவே சாகாது"ன்னார். எங்கிருந்துங்க வந்துச்சுன்னேன். "கடல்ல இருந்துதான் சார்"னு சிரிச்சார். பில் குடுப்பீங்களான்னேன். சிரிப்பு நின்னுபோச்சு.

நம்ம திருப்பூர்ல ஆர்கானிக் காட்டன் டி-சர்ட்டுக்கு ஆர்டர் குடுக்கற பையர், பஞ்சு எங்க விளைஞ்சது, நூல் எந்த மில்லு, சாயம் எந்தப் பட்டறைன்னு கொடைவான். சர்டிபிகேட் இல்லேன்னா பெட்டி கப்பலேறாது. உயிர் இல்லாத பனியனுக்கு இத்தனை கேள்வி. உயிருள்ள பவளத்துக்கு நாம ஒரு கேள்வி கேக்கறதில்ல!

"சாஃப்ட்டுன்னா சட்டப் பிரச்சினை இல்ல"ன்னு ஒரு கதை சுத்துது. பாதிதான் உண்மை. கல் பவளம், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம் இவங்களோட கடல் விசிறியும் ஆர்கன் பைப் பவளமும் 2001-லயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில ஏறியாச்சு. புலி இருக்கற அதே அட்டவணை. இதுல கடைசி ரெண்டும் சாஃப்ட் பவளத்துக்கு நெருங்கின சொந்தம், எட்டுக் கை பாலிப். ஆர்கன் பைப் விரிஞ்சா ஸ்டார் பாலிப் மாதிரியே தெரியும். அடியில சிவப்புக் குழாய் குழாயா கூடு இருக்கான்னு பாருங்க. இருந்தா தொடாதீங்க. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவுல இருந்து எடுத்ததுன்னா, அது எந்த வகையா இருந்தாலும் தப்புதான்.

நான் யோக்கியன் இல்லீங்க. மூணு வருஷம் முன்னாடி "சாஃப்ட்தான் சார்"னு சொன்னதை நம்பி ஒரு கடல் விசிறி வாங்கினேன். அதுல பல வகைக்கு வெளிச்சத்துல பசி அடங்காது, தண்ணியில மிதந்து வர்றதைப் பிடிச்சுத் தின்னணும். ரெண்டு மாசம் பட்டினி கெடந்து என் கண்ணு முன்னாடியே உதிர்ந்துச்சு. அட்டவணை விஷயம் அப்புறம்தான் தெரிஞ்சுது.

சரி, எதைத்தான் வாங்கறது? என் ஓட்டு மஷ்ரூமுக்கு. குறைஞ்ச வெளிச்சம், குறைஞ்ச நீரோட்டம் போதும். அடுத்தது லெதர். அது சில நாள் சுருங்கி, மேல மெழுகு மாதிரி தோல் உரிக்கும். செத்துப்போச்சுன்னு தூக்கிப் போட்றாதீங்க. பக்கத்துப் பவளத்து மேல ரசாயனம் கக்கும், அதனால ஃபில்டர்ல கரி போடுங்க. ஸ்டார் பாலிப் தனிக் கல்லுல மட்டும், இல்லேன்னா தொட்டி பூரா படர்ந்துடும். ஜோவாந்திட் அழகுதான், ஆனா சிலதுல பாலிடாக்சின்னு கொடிய விஷம் இருக்கு. வெறுங்கையால தேய்க்காதீங்க, அந்தக் கல்லை வெந்நீர்ல போடவே போடாதீங்க. குழந்தை இருக்கற வீட்டுக்கு வேண்டாம்னுதான் சொல்வேன்.

எதை வாங்கினாலும் நம்மூர் போர் தண்ணிய நேரா ஊத்தாதீங்க. ஏற்கனவே உப்புத்தானேன்னு ஒரு மாப்ள கேட்டான். அது கடல் உப்பு இல்லடா! ஆர்.ஓ. தண்ணியில கடல் உப்புக் கலவை போட்டு அடர்த்தி 1.025, சூடு 25 டிகிரி வையுங்க. ஆவியானதுக்கு ஈடா ஊத்தறது நல்ல தண்ணி மட்டும். தாமிரம் கலந்த மீன் மருந்து பவளத்துக்கு எமன். தொட்டி பழுக்க ஒன்றரை மாசமாவது விடுங்க.

"நான் ஒரு துண்டு வாங்கினா கடல் வத்திடுமா?"ம்பாங்க. நொய்யலைப் பத்தியும் ஒவ்வொரு பட்டறையும் இதையேதான் சொல்லுச்சு. கடைசியில 2011 ஜனவரியில சாயப்பட்டறை மொத்தத்தையும் மூடச்சொல்லி ஹைகோர்ட் உத்தரவு போட்டுது. எத்தனை குடும்பம் தவிச்சுதுன்னு நமக்குத் தெரியும். அந்த ஊர்க்காரன் இந்தக் கேள்வியக் கேக்கலாமுங்களா?

அன்னைக்கு கடையில இருந்து வெறுங்கையோடதான் வந்தேன். இப்ப தொட்டியில இருக்கறது, நண்பர் தன் தொட்டியில வெட்டி வளர்த்துக் குடுத்த ஒத்த மஷ்ரூம். மெதுவா ரெண்டாப் பிரியுது. ஒண்ணு உங்களுக்குத் தர்றேன், பில்லு போட்டே :-)

பின்னூட்டத்துல திட்டறவங்க தாராளமா திட்டலாம். உங்க தொட்டிப் பவளம் எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்லிட்டுத் திட்டுங்க.