முதலில் தொட்டி, பிறகு மீன்

என் மாணவன் ஒருவன் பச்சைப் புள்ளிப் பேத்தை மீன் ஒன்றை வாங்கி, அன்றே புதுத் தொட்டியில் விட்டான். மலாயில் இக்கான் புந்தால் என்போமே, அதுதான். ஒரே வாரத்தில் இறந்துவிட்டது.

"தண்ணீர் தெளிவாகத்தானே இருந்தது, சார்?" என்றான். அம்மோனியாவுக்கு நிறமில்லை. அதை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் தொட்டியில் பெருகச் சில வாரங்கள் ஆகும்.

இது கழிமுகத்து மீன். வளர வளர உப்பு கலந்த நீர் வேண்டும். பற்கள் வளர்ந்துகொண்டே இருப்பதால், கடித்துத் தேய்க்க ஓடுள்ள நத்தைகளும் வேண்டும். பயந்தால்தான் உடலை ஊதும். வேடிக்கைக்காகச் சீண்டுவது கொடுமை.

மாணவர்களே, மீன் வாங்குமுன் தொட்டியைத் தயார் செய்து நீரைச் சோதியுங்கள். பொறுமையில்லாதவர் மீன் வளர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து.