சாமி படத்துக்குப் பின்னால் ஓர் அருவி

கயத்தாற்றில் புது வீடு கட்டியவர் கூடத்து மூலையில் மாட்ட, பழைய பாணியில் ஒரு சின்ன இயற்கைக் காட்சிப் படம் தேடினால் கிடைப்பது பெரும்பாலும் ஐரோப்பியப் பனிமலைதான். அதை வாங்குமுன் பரணில் கிடக்கும் தகரப் பெட்டியை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். உள்ளே மடங்கிக் கிடக்கும் பழைய காலண்டர் படம், பக்கத்துக் கோவில்பட்டியில் வரைந்ததாகவே இருக்கலாம்.

சி. கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். நாடகக் கம்பெனிக்குச் சீன் திரை வரைந்தபடி ஊர் ஊராகச் சென்றவர், 1940களில் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். அவரும் டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம் போன்ற மாணவர்களும் வரைந்த சாமி படங்களைச் சிவகாசி அச்சகங்கள் வீடுதோறும் கொண்டுசேர்த்தன.

அந்தப் படங்களில் எல்லோரும் சாமியைத்தான் பார்த்தார்கள். பின்னணியையும் நின்று பார்க்க வேண்டும். தூரம் போகப் போக நீலம் வெளிறும் மலையடுக்கு, தாமரைத் தடாகம், வெள்ளைக் கோடாக இறங்கும் அருவி. எல்லாமே சீன் திரையில் பழகிய கையின் வேலை. வானம் பார்த்த கரிசல் காட்டில், பருத்தியும் கம்பும் விதைத்த வீடுகளின் சுவரில் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடியது இந்தக் காகிதத்தில்தான்.

1792இல் இந்தப் பக்கம் வந்த ஆங்கில ஓவியர்கள் தாமஸ் டேனியலும் அவரது சகோதரர் மகன் வில்லியமும் பாபநாசம் அருவியை வரைந்தார்கள். 'ஓரியண்டல் சீனரி' தொகுப்பில் அது அச்சுப் படமாக வெளிவந்தது. அந்த அச்சுகளை அருங்காட்சியகங்கள் பொத்திப் பாதுகாக்கின்றன. கோவில்பட்டிப் படமும் அச்சுதான். ஆனால் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அது பழைய பேப்பர் கடைக்குப் போகிறது. கடை காலண்டராக இலவசமாக வந்தது என்பதற்காக ஒரு கலையை எடைக்குப் போடுவது சரியில்லை.

காப்பாற்றப் பெரிய செலவு ஆகாது. லேமினேஷன் கூடாது, ஒருமுறை ஒட்டினால் பிரிக்க முடியாது. காகிதம் கண்ணாடியில் ஒட்டாதபடி ஓரத்தில் அட்டை வைத்துச் சட்டம் போடச் சொல்ல வேண்டும். வெயில் விழும் சுவரும் அடுப்படிச் சுவரும் ஆகாது. முக்கியமாக, அடியிலுள்ள கடைப் பெயரையும் ஓவியர் கையெழுத்தையும் அழகுக்காக வெட்டிவிடக் கூடாது. படம் எந்த ஊர்க் கடை கொடுத்தது, யார் வரைந்தது என்பதற்கு அந்த ஓரம்தான் சாட்சி.