பார்த்து வாங்குவோம்: தூண்டில் போடப் போகிறவர்களுக்குப் பவர் உள்ள வெயில் கண்ணாடி

வார இறுதி வந்தால் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் கூட்டம் நம்மவர்களில் குறைவில்லை. போர்ட் டிக்சன் பாறை ஓரம், பூலாவ் கெத்தாம் பக்கம், தெமெங்கோர், கென்யிர் ஏரிகள், கோலா ரோம்பின் கடல் என்று ஆளுக்கோர் இடம். கம்புக்கும் ரீலுக்கும் நூற்றுக்கணக்கான ரிங்கிட்டை யோசிக்காமல் எடுத்து வைப்பார்கள். கண்ணுக்கு மாட்டுவது மட்டும் இரவுச் சந்தையில் வாங்கிய கறுப்புக் கண்ணாடியாக இருக்கும்.

பவர் கண்ணாடி போடுபவர் பாடு இன்னும் திண்டாட்டம். பவர் கண்ணாடியோடு போனால் தண்ணீரின் கூச்சம் கண்ணைக் குத்தும். அதைக் கழற்றிவிட்டுக் கறுப்புக் கண்ணாடியை மாட்டினால் மிதவையும் தெரியாது, பாசி படிந்த பாறையும் தெரியாது. இதற்குத் தீர்வு பவர் சேர்த்துச் செய்த போலரைஸ்டு கண்ணாடி. விலை சற்றுக் கூடுதல் என்பதால் விவரம் தெரிந்து வாங்குவது நல்லது.

போலரைஸ்டு என்ன செய்யும்?

ஒளி அலைகள் எல்லாத் திசையிலும் அதிர்பவை. தண்ணீர் போன்ற தட்டையான பரப்பில் பட்டுத் தெறிக்கும்போது, அவற்றில் பெரும்பகுதி கிடைமட்டமாக அதிரும் ஒளியாகிவிடுகிறது. நம் கண்ணைக் கூசவைப்பது அதுதான். போலரைஸ்டு லென்ஸில் உள்ள மெல்லிய படலம் அந்தக் கிடைமட்ட ஒளியைத் தடுத்து, மற்றதை உள்ளே விடுகிறது. வெறும் கறுப்புக் கண்ணாடியோ எல்லா ஒளியையும் ஒரே மாதிரி குறைக்கும். அதனால் கூச்சத்தோடு மீனும் சேர்ந்து மங்கிப் போகும்.

இதன் பலன் எல்லா நேரமும் ஒரே அளவில் இருக்காது. நீர்மட்டத்துக்குச் சுமார் 37 பாகை சாய்வில் பார்க்கும்போதுதான் முழுப் பலன். படகில் நிற்பவருக்கு அது சில மீட்டர் தூரத்துத் தண்ணீர். காலை 9, 10 மணி வாக்கிலும் மாலை 5 மணி வாக்கிலும் சூரியன் இருக்கும் பக்கம் பார்த்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். உச்சி வெயிலில் நேர் கீழே பார்த்தால் அவ்வளவு தெரியாது. கழிமுகத்தின் தேநீர் நிறத் தண்ணீரை எந்தக் கண்ணாடியும் தெளிய வைக்காது. விற்பவர் என்ன சொன்னாலும் இதை நினைவில் வையுங்கள்.

முதலில் கேட்க வேண்டியது யூவி

போலரைஸ்டு வேறு, புற ஊதாக் கதிர்த் தடுப்பு வேறு. ‘யூவி 400’ என்று இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். 400 நானோமீட்டர் வரையிலான புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் என்பது அதன் பொருள். இந்தத் தடுப்பு இல்லாத கறுப்புக் கண்ணாடி ஆபத்தானது. இருட்டில் கண்ணின் பாவை விரியும், கதிர்களுக்கு வாசல் இன்னும் அகலமாகத் திறந்துவிடும்.

ஆண்டுக்கணக்கில் வெயில் பட்ட கண்ணில் வெள்ளை விழியிலிருந்து கருவிழி மேல் சதை வளர்வதுண்டு. வெயிலிலேயே உழைக்கும் மீனவர்களிடமும் விவசாயிகளிடமும் இது சாதாரணம். கண்புரைக்கும் புற ஊதாக் கதிர் ஒரு காரணம். மாதம் நான்கு ஞாயிறும் வெயிலில் நிற்பவர்கள் இதை அலட்சியம் செய்யக் கூடாது.

உடையாத லென்ஸ்

பாறையில் மாட்டிய தூண்டிலை வெடுக்கென்று இழுக்கிறோம். கொக்கி விடுபட்டு ஈயக்குண்டோடு நம் முகத்தை நோக்கித்தான் பறந்து வரும். பக்கத்தில் நிற்பவர் வீசும்போதும் அதே அபாயம். ஆகவே கண்ணாடி லென்ஸ் வேண்டாம். அடி தாங்கும் பாலிகார்பனேட் அல்லது டிரைவெக்ஸ் வகையைக் கேளுங்கள். சாதாரண பிளாஸ்டிக் லென்ஸில் காட்சி தெளிவாக இருக்கும், விலையும் குறைவு, ஆனால் இவற்றின் அளவுக்கு அடி தாங்காது. பவர் அதிகம் உள்ளவர்களுக்கு 1.60, 1.67 என்ற எண் கொண்ட மெல்லிய லென்ஸ் பாரத்தைக் குறைக்கும்.

எந்த நிறம்?

ஆழ்கடலுக்குச் சாம்பல் நிறம். நிறங்களை மாற்றிக் காட்டாது, நாள் முழுவதும் போட்டிருக்கலாம். ஏரி, ஆறு, ஈயக்குட்டை, கரையோரம் என்றால் பழுப்பு அல்லது செம்பு நிறம். நீருக்குள் இருக்கும் மரக்கட்டையும் தோமான் மீனின் நிழலும் பின்னணியிலிருந்து பிரிந்து தெரியும். விடியலிலும் மழை மேகத்திலும் மட்டும் போகிறவர்களுக்கு வெளிர் மஞ்சள் கலந்த நிறம் உதவும். ஒரே ஒரு ஜோடிதான் வாங்க முடியும் என்றால் பழுப்பை எடுங்கள்.

கருமையின் அளவுக்கும் வகை எண் உண்டு. 3ஆம் வகை 8 முதல் 18 விழுக்காடு ஒளியை உள்ளே விடும். நம் ஊர் வெயிலுக்கு அது போதும். 4ஆம் வகை மிகக் கறுப்பு. அதைப் போட்டுக்கொண்டு கார் ஓட்டக் கூடாது.

பவர் எடுக்கும்போது

பழைய சீட்டைக் கொடுத்து வேலையை முடிக்காதீர்கள். பதிவு பெற்ற ஒப்டோமெட்ரிஸ்ட்டிடம் புதிதாகச் சோதித்துக்கொள்ளுங்கள். மலாயில் ‘ரபுன் சிலாவ்’ என்று சொல்லும் சிலிண்டர் பவர் உள்ளவர்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். சிலிண்டருக்கு ஒரு கோணம் உண்டு, போலரைஸ்டு படலத்துக்கும் ஒரு கோணம் உண்டு. இரண்டும் சரியாக அமைய வேண்டும். கண்ணாடி கைக்கு வந்ததும் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பளபளக்கும் கார் மேற்கூரையைப் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றுங்கள். கூச்சம் இரு கண்ணிலும் ஒரே அளவு குறைய வேண்டும். இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

பக்கவாட்டு வெயிலைத் தடுக்கும் வளைந்த பிரேம் மீன் பிடிக்க ஏற்றதுதான். ஆனால் பவர் கூடக்கூட அந்த வளைவில் ஓரப் பார்வை கோணலாகும். பொதுவாக மைனஸ் 4ஐத் தாண்டியவர்கள் வளைவு குறைந்த, பக்கம் அகலமான பிரேமைப் பார்ப்பது நல்லது. வளைவுக்கு ஏற்பத் திருத்திய லென்ஸ் செய்து தர முடியுமா என்றும் கேட்கலாம்.

நாற்பதைக் கடந்தவர்களுக்கு வெள்ளெழுத்துப் பிரச்சினை. தூரத்து மிதவை தெரியும், கொக்கியில் நரம்பு கோப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். புரோகிரசிவ் லென்ஸ் இதற்கு உதவும். ஆனால் அதன் கீழ்ப்பகுதி வழியாகப் பார்த்தால் காலடி மங்கும். படகில் ஏறும்போதும் பாறையில் நடக்கும்போதும் தலையைக் குனிந்து பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். கீழே சிறு கட்டம் மட்டும் கொண்ட பைஃபோகல் சிலருக்கு இன்னும் சௌகரியம்.

செலவைக் குறைக்க

வீட்டில் சும்மா கிடக்கும் நல்ல பிரேம் இருந்தால் அதிலேயே போலரைஸ்டு லென்ஸ் போட முடியுமா என்று கடையில் காட்டிக் கேளுங்கள். அப்பாவோடு கிளம்பும் பள்ளிப் பிள்ளைகளின் பவர் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அவர்களுக்குப் பவர் கண்ணாடி மேல் கவ்வும் கிளிப்போ, மேலே முழுவதுமாக மாட்டும் பெரிய கண்ணாடியோ போதும். அதிலும் யூவி தடுப்பு இருக்க வேண்டும்.

உண்மையிலேயே போலரைஸ்டுதானா என்று சோதிக்கக் கடையிலேயே வழி இருக்கிறது. இரண்டு போலரைஸ்டு கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்து, ஒன்றை மட்டும் 90 பாகை திருப்புங்கள். சேர்ந்த இடம் இருண்டுவிட்டால் அசல். இதே காரணத்தால் கைப்பேசித் திரையும் படகில் மீன் காட்டும் கருவியின் திரையும் சில கோணங்களில் இருட்டாகத் தெரியலாம். கருவி கெட்டுப்போகவில்லை, தலையைச் சற்றுச் சாய்த்தால் சரியாகிவிடும்.

நீண்ட நாள் உழைக்க

கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் அலசிய பிறகே துடையுங்கள். உப்போடு சட்டை நுனியால் தேய்த்தால் லென்ஸில் கீறல் விழும். வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் வைத்தால் சூட்டில் பூச்சும் படலமும் பிரிந்துபோகும். கழுத்தில் மாட்டும் கயிறு ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். பவர் போட்டுச் செய்த கண்ணாடி தண்ணீரில் விழுந்தால், அன்றைக்கு வீடு வரை காரை ஓட்டுவதே சிரமமாகிவிடும். அதனால் சாதாரண பவர் கண்ணாடியையும் பையில் வைத்திருங்கள். இருட்டிய பின் கார் ஓட்ட அதுதான் வேண்டும்.