லாயிட் ஜார்ஜின் வீழ்ச்சி

1922ஆம் வருஷம் அக்டோபர் 19ந் தேதி காலையில், லண்டன் கார்ல்டன் கிளப்பில் கன்ஸர்வேடிவ் கட்சியின் பார்லிமெண்டு அங்கத்தினர்கள் கூடினார்கள். இனிக் கூட்டு மந்திரிசபைக்காரராக அன்றித் தனிக் கட்சியாகவே தேர்தலுக்கு நிற்பது என்று 187 பேர் வாக்களித்தனர். 87 பேர் எதிர்த்தனர். அன்றைக்கே பிரதம மந்திரி லாயிட் ஜார்ஜ் ராஜினாமாச் செய்தார். ஜெர்மன் சாம்ராஜ்யத்தை முறியடித்தவர் என்று உலகம் கொண்டாடிய மந்திரியை வீழ்த்த ஒரு காலைப் பொழுதே போதுமானதாயிற்று. 1945ல் காலமாகும் வரை அவர் மீண்டும் மந்திரிப் பதவி ஏறவேயில்லை. இது நன்றியற்றவர்களின் சூழ்ச்சி என்று கூறுவோர் உண்டு. நமது அபிப்பிராயம் வேறு. அவருடைய வாக்குச் செல்லாக் காசாகிவிட்டது. வீழ்ச்சிக்கு அதுவே மூலகாரணம் என்று நாம் கருதுகிறோம்.

அவரிடமிருந்த பெருமையை மறைப்பது நியாயமன்று. வேல்ஸ் நாட்டுக் கிராமம் ஒன்றில், செருப்புத் தைத்துப் பிழைத்த மாமனின் வீட்டில் வளர்ந்தவர் அவர். இங்கிலாந்து முழுவதும் போயர் யுத்த வெறி கொண்டிருந்த காலத்தில், அந்த யுத்தம் அநீதியானது என்று மேடையேறிச் சொன்னார். பொக்கிஷ மந்திரியாக 1909ல் அவர் கொண்டுவந்த பட்ஜெட், நிலப்பிரபுக்கள் மீதும் பெருந்தனவந்தர்கள் மீதும் வரி விதித்தது. அதைப் பிரபுக்கள் சபை நிராகரித்ததன் பயனாக, 1911ல் அச்சபையின் அதிகாரமே குறுக்கப்பட்டது. நோயுற்ற தொழிலாளிக்கு உதவி அளிக்கும் இன்ஷூரன்ஸ் சட்டமும் அதே வருஷத்தில் நிறைவேறியது. ஏழைகளின் வக்கீல் என்ற பெயர் அவருக்கு நியாயமாகவே கிடைத்தது.

1916 டிசம்பரில் அவர் பிரதம மந்திரியானார். யுத்தத்தை நடத்துவதில் அவர் காட்டிய ஊக்கத்தைப் பகைவரும் மறுத்ததில்லை. ஆனால், தம் தலைவர் ஆஸ்க்வித்தை விலக்கிவிட்டுப் பதவி ஏறியதால் அவருடைய லிபரல் கட்சி இரண்டாகப் பிளந்தது. 1918 தேர்தலில் கூட்டுக் கட்சி மகத்தான வெற்றி பெற்றபோது, அதன் அங்கத்தினர்களில் 300க்கு மேற்பட்டோர் கன்ஸர்வேடிவ்கள். அவருடைய சொந்த லிபரல்களோ 130 பேர் அளவில்தான். கட்சியின்றி இரவல் பலத்தில் ஆளும் தலைவருக்கு வாக்கு ஒன்றே மூலதனம். அதை அவர் எப்படிச் செலவிட்டார்?

யுத்தத்திலிருந்து திரும்பும் வீரர்களுக்கு ஏற்ற தேசமாக இங்கிலாந்தை ஆக்குவதாகச் சொன்னார். 1921ல் வேலையற்றோர் தொகை 20 லட்சத்தைத் தாண்டியது. வீடு கட்டும் திட்டமும் குறுக்கப்பட்டது. சிறு தேசங்களின் உரிமைக்காகவே போர் புரிவதாகச் சொன்னார். அயர்லாந்து அவ்வுரிமையைக் கேட்டபோது, 1920ல் 'பிளாக் அண்ட் டான்' படையை ஏவினார். ஐரிஷ் மக்கள் அஞ்சவில்லை என்று கண்ட பின்னரே 1921 டிசம்பரில் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்.

நம் தேசத்துக்கு நேர்ந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். துருக்கியின் தலைநகரையோ, துருக்கியர் பெரும்பான்மையாக வாழும் ஆசியா மைனர், திரேஸ் பிரதேசங்களையோ பறிப்பது பிரிட்டனின் நோக்கமன்று என்று 1918 ஜனவரி 5ந் தேதி அவர் வாக்களித்தார். அந்த வாக்குறுதியால் இந்தியாவில் பட்டாளத்துக்கு ஆள் சேருவது அதிகரித்ததென்று 1920 பிப்ரவரியில் காமன்ஸ் சபையில் அவரே ஒப்புக்கொண்டார். அதே வருஷம் ஆகஸ்டில் கையெழுத்தான ஸேவர் உடன்படிக்கையில் கிழக்குத் திரேஸ் கிரீஸுக்குப் போயிற்று. ஸ்மர்னாவும் அதன் நிர்வாகத்தில் விடப்பட்டது. வாக்கை நம்பி உயிர் கொடுத்தவர்களுக்கு இதுவோ கைம்மாறு?

இவ்வநீதியைத் திருத்த வேண்டுமென்று வைஸ்ராயின் சர்க்காரே தந்தி அடித்தது. அதை வெளியிட அனுமதித்த குற்றத்துக்காக, இந்தியா மந்திரி மாண்டேகு 1922 மார்ச் 9ந் தேதி பதவியிழந்தார். மறுநாள் மகாத்மா காந்தி கைது செய்யப்பட்டார். ஆகஸ்டு 2ந் தேதி பிரதம மந்திரி மற்றொரு பிரசங்கம் செய்தார். ஸிவில் ஸர்வீஸே இந்திய ஆட்சியின் எஃகுச் சட்டகம் என்றும், சுமார் 1,200 பிரிட்டிஷ் உத்தியோகஸ்தர்களின் துணை வேண்டாத காலம் ஒன்று வருமெனத் தமக்குத் தோன்றவில்லை என்றும் கூறினார். பொறுப்பாட்சி படிப்படியாக அளிக்கப்படுமென்று 1917 ஆகஸ்டில் உறுதி கூறியது இவருடைய மந்திரிசபையேயன்றோ!

கட்சியில்லாதவருக்குத் தேர்தல் நிதி ஏது? பட்டங்களை விற்று அதைத் திரட்டினார். மோசடி வழக்கில் பெருந்தொகை கொடுக்கும்படி தீர்ப்புப் பெற்ற ஒரு தென்னாப்பிரிக்கச் சுரங்க முதலாளிக்குப் பிரபுப் பட்டம் அறிவிக்கப்பட்டபோது, 1922 கோடையில் பார்லிமெண்டு கொதித்தெழுந்தது. பட்ட வியாபாரத்தைத் தடுக்க 1925ல் தனிச் சட்டமே செய்ய வேண்டியதாயிற்று.

முடிவையும் துருக்கி விவகாரமே கொண்டுவந்தது. 1922 செப்டம்பரில் முஸ்தபா கெமாலின் படைகள் கிரேக்கரைத் துரத்திக்கொண்டு சனாக் அருகே வந்தபோது, லாயிட் ஜார்ஜ் மீண்டும் யுத்தத்துக்கு ஆயத்தமாகிக் குடியேற்ற நாடுகளின் உதவியைக் கோரினார். முன்பு கேட்டவுடன் படை அனுப்பிய கானடா, இம்முறை தன் பார்லிமெண்டே முடிவு செய்யும் என்று பதில் சொல்லிற்று. போர் மூளாமல் அக்டோபர் 11ந் தேதி சமாதானம் ஏற்பட்டது. எட்டு நாள் கழித்துக் கார்ல்டன் கிளப்பில், வேகம் மிகுந்த இம்மனிதர் லிபரல் கட்சியை உடைத்ததுபோல் நம் கட்சியையும் உடைத்துவிடுவார் என்று பால்ட்வின் எச்சரித்தார். இரவல் கொடுத்தவர்கள் பலத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

ஆயினும் இவ்வீழ்ச்சியை நமக்குக் கிடைத்த வெற்றியாக எண்ணுவது பேதைமை. அவரை வீழ்த்தியவர்களிற் பலர், அயர்லாந்துக்கு அவர் விட்டுக்கொடுத்ததற்காகவே கோபங்கொண்டவர்கள். அவர் ஸ்தானத்தில் அமர்ந்த போனர் லாவின் மந்திரிசபை நம் தளைகளைத் தளர்த்திவிடவில்லை.

நெருக்கடியில் வலியவர் தரும் வாக்குறுதி நீர்மேல் எழுத்து. அதை நிறைவேற்றச் செய்யும் பலம் கேட்பவரிடம் இருந்தாலன்றி அது நிற்காது. இதை அயர்லாந்து அறிந்திருந்தது, துருக்கியும் அறிந்திருந்தது. இனிய பிரசங்கத்தைக் கேட்டு மயங்கித் தலைவர்களைத் தேர்ந்தெடுக்கும் எந்த ஜனசமூகமும், மந்திரியின் நாவன்மையை அளப்பதற்கு முன் அவருடைய பழைய வாக்குகளின் கணக்கைப் பார்க்கட்டும்.